ஒரே டிஏசி, ஒரே பாட்டு... போனுக்கும் லேப்டாப்புக்கும் சத்தம் மாறுமா? காஸ்ட்லி கேபிள் வாங்கும் முன் இதைப் படிங்க!

ஹைஃபை ஆர்வத்தில் புதிதாக டிஏசி வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா போன்ல இருந்து பாட்டு கொடுத்தா ஒரு மாதிரி கேக்குது, லேப்டாப்ல இருந்து கொடுத்தா வேற மாதிரி கேக்குதே, ஏன்?"

சோர்ஸ் சரியில்லை என்று சொல்லி, பல ஆயிரம் ரூபாய் யூஎஸ்பி கேபிளையும் அதைவிட விலையான ஸ்ட்ரீமர் பெட்டியையும் காட்டுகிறது ஒரு தரப்பு. "டிஜிட்டல்னா 0, 1 மட்டும்தான். எதுல இருந்து வந்தா என்ன? எல்லாம் மனப்பிரமை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது இன்னொரு தரப்பு.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. சோர்ஸால் சத்தம் கெடத்தான் செய்யும். ஆனால் விளம்பரங்களில் சொல்லப்படும் காரணத்தால் பெரும்பாலும் கெடுவதில்லை. போனில் ஒரு செட்டிங்கை மாற்றினால் தீரும் பிரச்னைக்கு ஐந்திலக்கத் தொகை செலவழிப்பதும், சார்ஜரில் இருக்கும் கோளாறுக்கு கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பதும் இதனால்தான் நடக்கிறது.

டிஏசி என்ன வேலை செய்கிறது?

டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம்தான் டிஏசி. பாட்டு ஃபைலில் இருப்பது சத்தம் இல்லை, எண்கள். சிடி தரத்தில் ஒரு விநாடி பாட்டுக்கு ஒவ்வொரு பக்க ஸ்பீக்கருக்கும 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் 16 பிட். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். இந்த எண்களை வாங்கி, அதற்கேற்ப ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றித் தருவதுதான் டிஏசி. அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கும், ஸ்பீக்கர் சத்தமாக்கும்.

தனிப் பெட்டியாக வாங்கினால்தான் டிஏசி என்று இல்லை. உங்கள் போனில் ஒன்று இருக்கிறது, டிவியில் ஒன்று இருக்கிறது, ப்ளூடூத் இயர்பட்ஸுக்குள் ஒன்று இருக்கிறது. ஹெட்போன் ஜாக் இல்லாத போன்களுக்கு விற்கும் சின்ன டைப்-சி டாங்கிள்கள் பலவற்றிலும் ஒரு குட்டி டிஏசி உண்டு.

1982 அக்டோபரில் சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது வட்டைப் படிக்கும் பகுதியும் டிஏசியும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. பின்னாளில் இரண்டையும் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். "படிக்கும் பெட்டியை மாத்தினா சத்தம் மாறுமா?" என்ற சண்டை அன்றிலிருந்தே ஓடுகிறது. சிடி பிளேயர் இருந்த இடத்தில் இப்போது போன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் எண்கள் சரியாகப் போகிறதா?

யாரும் அதிகம் பேசாத, ஆனால் உண்மையில் அதிகம் கெடும் இடம் இதுதான். உங்கள் ஃபைலில் இருக்கும் எண்கள் அப்படியே டிஏசிக்குப் போவதில்லை. வழியிலேயே மாற்றப்படுகின்றன.

ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடும்போதே வாட்ஸ்அப் 'டிங்' சத்தமும் கேட்க வேண்டும். அதனால் எல்லா ஆப்களின் சத்தத்தையும் ஒரு மிக்ஸரில் கொட்டிக் கலக்கி, பொதுவான ஒரு வேகத்துக்கு, பெரும்பாலும் விநாடிக்கு 48,000 என்ற கணக்குக்கு மாற்றித்தான் போன் வெளியே அனுப்பும். 44,100 எண்கள் இருந்த பாட்டுக்குப் புதிதாக எண்கள் கணக்கிடப்படுகின்றன. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14-ல்தான், யூஎஸ்பி டிஏசிக்கு எண்களை மாற்றாமல் நேராக அனுப்பும் வசதி சிஸ்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அதையும் போனும் ஆப்பும் சேர்ந்து ஆதரித்தால்தான் வேலை செய்யும். விண்டோஸிலும் வழக்கமான வழி மிக்ஸர் வழிதான். பிளேயர் ஆப்பில் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' போட்டால் மிக்ஸரைத் தாண்டிப் போகலாம்.

இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்தால் காதுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். காதுக்குத் தெரியும்படி கெடுப்பது வேறு ஒன்று. போன் கம்பெனி முன்கூட்டியே ஆன் செய்து வைத்திருக்கும் 'சவுண்ட் எஃபெக்ட்', ஈக்வலைசர், 'பேஸ் பூஸ்ட்', சரவுண்ட் சமாச்சாரங்கள். லேப்டாப்பில் இதற்கு 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்று பெயர். ஒரே டிஏசியில் போன் ஒரு மாதிரியும் லேப்டாப் வேறு மாதிரியும் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டிலும் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுக் கேட்டாலே பலருக்கு அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அடுத்தது ப்ளூடூத். வயர் போடச் சோம்பல்பட்டு டிஏசிக்கு ப்ளூடூத்தில் பாட்டு அனுப்புகிறவர்கள் நிறைய. எல்லா ப்ளூடூத் ஆடியோ கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி முறையில் வழக்கமான உச்சம் விநாடிக்கு சுமார் 328 கிலோபிட். சிடி தரத்துக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எல்டிஏசி முறை 990 வரை போகும், அதுவும் சிக்னல் நன்றாக இருந்தால்தான். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்தே தரம் இழக்காத லாஸ்லெஸ் பாடல்களைத் தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் அதை அறிமுகப்படுத்தத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே பிரீமியம் சந்தாவுக்கே உச்சம் 320 கிலோபிட்தான். லாஸ்லெஸுக்குப் பணம் கட்டி, அதை ப்ளூடூத்தில் கேட்டால் போன் மறுபடி அழுத்திச் சுருக்கித்தான் அனுப்பும்.

ஆப்பில் 'டேட்டா சேவர்' அல்லது 'ஆட்டோமேட்டிக்' தரம் இருந்தால், மொபைல் டேட்டாவில் போகும்போது பிட்ரேட் சத்தமில்லாமல் இறங்கிவிடும். வீட்டு வைஃபையில் ஓடும் லேப்டாப்பையும் டேட்டாவில் ஓடும் போனையும் வைத்து ஒப்பிட்டுவிட்டு "லேப்டாப்தான் நல்ல சோர்ஸ்" என்று முடிவு கட்டுவது இப்படித்தான்.

எம்பி3-யை ஃபிளாக் ஆக்கினால் தரம் கூடுமா?

கூடாது. ஒருமுறை வெட்டி எறிந்ததை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கும்போது பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சத்தம் வெட்டப்பட்டுவிடும். அதை ஃபிளாக் ஆகவோ '24 பிட் ஹை-ரெஸ்' ஆகவோ மாற்றினால் ஃபைல் சைஸ் மட்டும் பெருக்கும். டெலிகிராமில் சுற்றும் 'ஹை-ரெஸ்' பழைய பாடல்களை ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்தது போல நேர்க்கோடு தெரிந்தால், அது அழுத்திச் சுருக்கிய ஃபைலிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் இன்னும் பெரியது. பழைய டேப்பிலிருந்து கவனமாக எடுத்த பதிப்பு ஒன்று, ரீமாஸ்டர் என்ற பெயரில் வால்யூமை ஏற்றி நசுக்கிய பதிப்பு இன்னொன்று. இந்த வித்தியாசம் எந்த டிஏசியிலும் கேட்கும், போன் ஸ்பீக்கரில்கூடக் கேட்கும். சோர்ஸின் தரம் என்று நியாயமாகச் சொல்ல வேண்டியது முதலில் இதைத்தான்.

சரி, உண்மையான ஹை-ரெஸ் ஃபைல் சிடி தரத்தைவிட நன்றாகக் கேட்குமா? 2007-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய சோதனை இதில் பிரபலம். ஹை-ரெஸ் பாடலை நேரடியாக ஒருமுறையும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரியான பதில். நாணயம் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். 2016-ல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இதுபோன்ற 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சரியான பதில் 52 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அவ்வளவுதான் இருக்கிறது.

ஜிட்டர், ஜிட்டர்னு சொல்றாங்களே, அது என்ன?

எண்கள் சரியாக வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் சரியான நொடியில் மின்னழுத்தமாக மாற்ற வேண்டுமே! ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் தாளம் லேசாக ஆடினால் எப்படியோ, அப்படி நேரத்தில் வரும் ஆட்டத்துக்குப் பெயர்தான் ஜிட்டர். இதனால் பாட்டு வேகமாகவோ மெதுவாகவோ கேட்காது. ஆட்டம் மிகப் பெரிதானால், பாட்டில் இல்லாத மெல்லிய இரைச்சலும் கரகரப்பும் சேரும்.

'சோர்ஸ் மாறினால் சத்தம் மாறும்' என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான பேச்சும்கூட. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய எஸ்பிடிஐஎஃப் இணைப்பில் (டிவி பின்னால் இருக்கும் ஆப்டிகல் அவுட், கோஆக்சியல் அவுட் எல்லாம் இந்த வகைதான்) எண்களோடு சேர்ந்து கடிகாரத் துடிப்பும் அதே சிக்னலில் வரும். தாளம் போடுவது சோர்ஸ். அதைக் கேட்டுப் பின்தொடர வேண்டியது டிஏசி. சிடி பிளேயரின் கடிகாரம் மோசமாக இருந்தாலோ, கேபிள் சரியான 75 ஓம் வகையாக இல்லாமல் சிக்னல் எதிரொலித்தாலோ, அந்த ஆட்டம் பழைய டிஏசிக்குள்ளும் போய்விடும்.

யூஎஸ்பியில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இப்போதைய ஹைஃபை டிஏசிகளில் பெரும்பாலானவை 'அசின்க்ரனஸ்' முறையில் வேலை செய்கின்றன. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மோட்டார் விட்டு விட்டு ஓடலாம், வேகமாக ஏற்றலாம், நின்று நின்று ஏற்றலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் சீராகத்தான் விழும். டிஏசிக்குள் அப்படி ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. எண்கள் அதில் வந்து நிறையும். வெளியே எடுத்துவிடும் தாளத்தை டிஏசியின் சொந்தக் கடிகாரம் போடும். தொட்டி குறைந்தால் "கொஞ்சம் வேகமா அனுப்பு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதும் டிஏசிதான். கம்ப்யூட்டரின் கடிகாரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தாளம் அதன் கையில் இல்லை.

தொட்டி வறண்டுபோனால்? பாட்டு விட்டு விட்டுக் கேட்கும், 'டிக்' என்று வெடிக்கும். யூஎஸ்பி ஆடியோவில் தவறான தகவல் வந்தால் கண்டுபிடிக்க முடியும், ஆனால் மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு கிடையாது. அதனால் மோசமான கேபிளின் அறிகுறி வெடிப்பும் தடங்கலும்தான். "குரல் கொஞ்சம் இனிமை குறைஞ்சிருக்கு, வயலின்ல காத்து இல்ல" என்பதெல்லாம் பிட் தொலைந்ததால் வரும் அறிகுறிகள் இல்லை. எந்தக் கேபிளும் ஆயிரக்கணக்கான எண்களில் குரலுக்கு உரியதை மட்டும் பொறுக்கி எடுத்து மெருகேற்ற முடியாது.

எவ்வளவு ஜிட்டர் இருந்தால் காதுக்குத் தெரியும்?

விளம்பரங்களில் 'பிகோ நொடி' என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், 20,000 ஹெர்ட்ஸ் சத்தத்தை முழு அளவில் கொடுத்து, 16 பிட்டின் கடைசிப் படியில் பாதி அளவுகூடப் பிழை வரக் கூடாது என்று கணக்குப் போட்டால் விடை சுமார் 121 பிகோ நொடி. கணக்கு சரிதான். ஆனால் அது பேப்பரில் வரும் எல்லை. காதின் எல்லை வேறு.

1998-ல் டால்பி நிறுவனத்தைச் சேர்ந்த பெஞ்சமின், கேனன் இருவரும் மனிதர்களை உட்காரவைத்து ஜிட்டரைச் செயற்கையாகச் சேர்த்துச் சோதித்தார்கள். தனியான உயர் சுருதி ஒலியில் 10 நானோ நொடி அளவு வரை கண்டுபிடித்தார்கள். இசையில் 20 நானோ நொடிக்குக் கீழே யாருக்கும் தெரியவில்லை. 2005-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், பழக்கப்பட்ட காதுகளுக்கே, தாறுமாறான ஜிட்டர் தெரிய சில நூறு நானோ நொடிகள் தேவைப்பட்டன. ஒரு நானோ நொடி என்பது ஆயிரம் பிகோ நொடி. ஒழுங்காகச் செய்த இன்றைய டிஏசியில் ஜிட்டர் பொதுவாக ஒரு நானோ நொடிக்கும் கீழே இருக்கும். அதை இன்னும் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கத் தனியாக ஒரு 'க்ளாக்' பெட்டி வாங்கச் சொன்னால், காதுக்காக இல்லை, பெட்டிக்காகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் 1990களின் பழைய டிஏசி இருந்தால் மட்டும் கதை கொஞ்சம் வேறு. சோர்ஸின் தாளத்தை நம்பி இருக்கும் பெட்டிக்கு நல்ல சோர்ஸ் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உண்மையான வில்லன்: 'ங்ங்ங்' சத்தம்

போனில் அமைதியாக இருக்கும் அதே டிஏசி, லேப்டாப்பில் மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று முனகுகிறதா? மவுஸை நகர்த்தினால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் கூடவே ஓடுகிறதா? இது மனப்பிரமை இல்லை. சோர்ஸ்தான் காரணம்.

யூஎஸ்பி கேபிளில் எண்கள் மட்டும் போவதில்லை. 5 வோல்ட் கரண்டும் கிரவுண்ட் வயரும் சேர்ந்து போகின்றன. அந்தக் கிரவுண்ட் வயர் லேப்டாப்பையும் டிஏசியையும் ஆம்ப்ளிஃபையரையும் மின்சார ரீதியாக ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜ் போட்டபடி தொட்டால் விரலில் 'சுர்' என்று ஊர்வது போல இருக்குமே, இரண்டு பின் சார்ஜரிலிருந்து கசியும் அந்தச் சிறு கரண்டுக்கு இந்த வயர் ஒரு வழி. மூன்று பின் சார்ஜராக இருந்து, ஆம்ப்ளிஃபையரும் வேறு ஒரு பிளக்கில் எர்த் ஆகியிருந்தால் இரண்டு எர்த்துகளுக்கும் நடுவில் ஒரு வளையம் உருவாகும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் முனகலாகக் கேட்பது இதனால்தான். இந்தச் சத்தம் டிஏசிக்கு வரும் எண்களைத் தொடுவதே இல்லை. பக்கவாட்டு வழியாக நேராக அனலாக் பக்கத்தில் நுழைகிறது.

கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் நின்றால் குற்றவாளி சார்ஜர் வழிதான். லேப்டாப், டிஏசி, ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் ஆப்டிகல் கேபிள். ஒளியாக மட்டும் போவதால் கரண்ட் போக வழியே இல்லை. யூஎஸ்பிதான் வேண்டும் என்றால் யூஎஸ்பி ஐசொலேட்டர் என்ற சின்னக் கருவி கிடைக்கிறது. தங்க முலாம் பூசிய யூஎஸ்பி கேபிளிலும் அதே கிரவுண்ட் வயர்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: முனகலை நிறுத்த ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சத்தம் நிற்கலாம். ஆனால் உள்ளே ஏதாவது பழுதானால் பெட்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் பாயும். எர்த் பின்னில் கை வைக்கவே கூடாது.

நம்ம காதை எப்படிச் சோதிப்பது?

இரண்டு சோர்ஸை ஒப்பிடும்போது முதல் எதிரி வால்யூம். கொஞ்சம் சத்தமாக ஓடுவதுதான் 'தெளிவாக', 'உயிரோட்டமாக' கேட்கும். மனிதக் காதின் சுபாவம் அது. ஒரு ஆப் எல்லாப் பாடல்களையும் ஒரே சத்த அளவுக்குக் குறைத்து ஓட்டும், இன்னொன்று ஓட்டாது. ஸ்பாட்டிஃபையில் இந்த 'நார்மலைசேஷன்' வழக்கமாக ஆனில்தான் இருக்கும். அதை ஆஃப் செய்யாமல் இரண்டு ஆப்களை ஒப்பிடுவது, ஒரு பக்கம் கல் வைத்த தராசில் நிறுப்பது மாதிரி.

போன், லேப்டாப் இரண்டிலும் வால்யூம் முழுதாக, எஃபெக்ட் எல்லாம் ஆஃப், ஒரே ஃபைல். உங்கள் டிஏசியில் இரண்டு இன்புட் இருந்தால் இரண்டு சோர்ஸையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு, ரிமோட்டை வீட்டில் இருக்கும் தம்பியிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள். நீங்கள் திரும்பி உட்காருங்கள். அவர்கள் தாளில் குறித்துக்கொண்டே மாற்றட்டும், எது ஓடுகிறது என்று நீங்கள் சொல்லுங்கள். 10 முறை. 5 அல்லது 6 சரி என்றால் அது நாணயம் சுண்டியதற்குச் சமம். குத்துமதிப்பாகச் சொல்லி 9 அல்லது 10 சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். அத்தனை வந்தால் உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது, எஃபெக்ட் ஏதாவது ஆனில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரில் 'ஏபிஎக்ஸ்' என்ற கூடுதல் வசதி இருக்கிறது. 320 எம்பி3-யையும் ஃபிளாக்கையும் போட்டு, பெயரை மறைத்து, இதே சோதனையை ஆள் உதவி இல்லாமல் செய்யலாம்.

எண்கள் மாறாமல் போகிறதா என்று பார்க்கவும் ஒரு குறுக்குவழி உண்டு. டிடிஎஸ் வசதி உள்ள ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால், டிடிஎஸ் முறையில் பதிந்த சிடி ஃபைலை ஆப்டிகல் வழியாக அனுப்பிப் பாருங்கள். எண்கள் அப்படியே போனால் பாட்டு கேட்கும். நடுவில் மிக்ஸரோ வால்யூமோ கை வைத்திருந்தால் வெறும் 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல்தான் வரும். வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஸ்பீக்கர் பத்திரம்.

இத்தனைக்கும் பிறகு புது ஸ்ட்ரீமரோ கேபிளோ வாங்க ஆசை இருந்தால், திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் அந்த 10 முறை சோதனையைச் செய்துவிடுங்கள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.